'சும்மா இருக்கும்போது' பின்னிய கூடை

போன செமஸ்டர் நம்ம காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல, ஜூஸ் கடைக்குப் பக்கத்துல ஒரு பெஞ்சைப் போட்டு ஒரு பையன் கூடை வித்துட்டு இருந்தானே, ஞாபகம் இருக்கா? மெக்கானிக்கல், மூன்றாம் வருஷம். அது நான்தான்.

கூடைகள் எல்லாம் அம்மா பின்னியது. வயர் கூடை இல்லை, குரோஷா. நுனியில் கொக்கி வைத்த ஒரே ஒரு ஊசியால் பின்னுவது. மேஜை மேல் பேனா, சார்ஜர், சாவி போட்டு வைக்க வட்டக் கூடை. டம்ளருக்கு அடியில் வைக்கும் கோஸ்டர். டேபிளுக்கு நடுவில் நீளமாக விரிக்கிற ரன்னர் ஒன்று. உங்களில் நிறைய பேர் அன்றைக்கு எடுத்துப் பார்த்தீங்க, "செம்மயா இருக்கு ப்ரோ"ன்னு சொன்னீங்க, போட்டோவும் எடுத்தீங்க. அதற்கெல்லாம் நன்றி.

ஆனால் ஒருத்தர் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் மண்டைக்குள்ளேயே ஓடிக்கிட்டு இருக்கு. கூடைக்கு 200 ரூபாய் சொன்னேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கையால பண்ணதுதானே? மெஷின் செலவு, கரண்டு செலவு எதுவும் இல்லையே. குறைச்சுக் குடுங்க." நானும் உடனே, "ஆமா ப்ரோ, அம்மா வீட்டுல சும்மா இருக்கும்போது பின்றதுதான், 150 குடுங்க"ன்னு சொல்லிட்டேன். அதைக் கேட்டுப் பக்கத்தில் நின்றவரும் 150 கொடுத்தார். பத்துக் கூடையும் 150க்கே போனது.

கேட்டவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. தப்பான பதிலைச் சொன்னது நான். அந்தப் பதில் ஏன் தப்பு, அதே பதிலை நீங்களும் உங்கள் வீட்டில் எப்படிச் சொல்லிக்கொண்டு இருக்கலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. நாம இன்ஜினியரிங் படிக்கிறோம், கணக்கு இல்லாமல் எதையும் நம்பக்கூடாது.

எங்க ஊர் திருப்பூர். கம்பெனிகளில் துணி வெட்டும்போது விழுகிற பனியன் வேஸ்ட்டை எடை போட்டு விற்கிற கடைகள் எங்க ஏரியாவிலேயே இருக்கு. அம்மா அதில் நீளமான துண்டுகளாகப் பொறுக்கி வாங்கி, ஒரு விரல் அகலத்துக்கு நாடா நாடாவாக வெட்டுவார். வெட்டிய நாடாவைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் ஓரம் ரெண்டும் தானாக உள்ளே சுருண்டு உருண்டையான கயிறு மாதிரி ஆகிவிடும். பனியன் துணியின் முன்பக்க வளையமும் பின்பக்க வளையமும் ஒரே மாதிரி இருக்காது, அதனால்தான் வெட்டின ஓரம் சுருளும். டெக்ஸ்டைல் டிபார்ட்மென்ட் நண்பர்களைக் கேளுங்க, போர்டில் படம் போட்டே விளக்குவாங்க. அந்தக் கயிற்றை முனைக்கு முனை கோத்து, பந்தாகச் சுற்றி, அதில்தான் கூடை.

கல்ச்சுரல்ஸ் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மா அடுத்த கூடையைத் தொடங்கினார். நான் போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டேன். "என்னடா கண்ணு, பரிட்சையா வைக்கிற?"ன்னு சிரிச்சாங்க.

நாடா வெட்டிக் கோக்க 1 மணி 10 நிமிஷம். பின்னல் மட்டும் 3 மணி 20 நிமிஷம். பிடி வைத்து, நுனி நூலையெல்லாம் உள்ளே சொருகி முடிக்க அரை மணி நேரம். ஆக மொத்தம் 5 மணி நேரம். நூல் செலவு 60 ரூபாய். நான் விற்றது 150க்கு. மிச்சம் 90. ஐந்தால் வகுத்தால், மணிக்கு 18 ரூபாய்.

ஆறு கோஸ்டர் சேர்ந்த செட் 100 ரூபாய்க்குப் போனது. நூல் 40, நேரம் 3 மணி. மணிக்கு 20 ரூபாய்.

இருப்பதிலேயே பெருமையாக விற்றது அந்த ரன்னரைத்தான். ஒரு மேடம் பேரமே பேசாமல் 500 ரூபாய் கொடுத்து வாங்கினார். எனக்கு ஒரே சந்தோஷம். அது மெல்லிய காட்டன் நூல், நூலுக்கே 200 ரூபாய். பின்ன எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அம்மாவிடம் கேட்டேன். யோசித்து யோசித்து, ராத்திரி சீரியல் நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்து, 30 மணி நேரத்துக்குக் குறையாது என்றார். 300ஐ 30ஆல் வகுங்க. மணிக்கு 10 ரூபாய்.

கவனிச்சீங்களா? பொருள் பெரிசாக ஆக, நுணுக்கம் கூடக் கூட, மணிக்கூலி குறைகிறது. ஏன்னா நாம கைவேலைக்கு விலை சொல்வது நேரத்தைப் பார்த்து இல்லை. கடையில் மெஷினில் நெய்த ரன்னர் என்ன விலைக்குத் தொங்குதுன்னு பார்த்து, அதற்கு மேலே கொஞ்சம் வைக்கிறோம். மெஷின் நிர்ணயித்த விலையில் கை போட்டி போடுகிறது.

ஒரு ஒப்பீடு சொல்றேன், வெளியே சொல்லிடாதீங்க. நம்ம ஹாஸ்டலில் ரெக்கார்ட் எழுதித் தர்ற ஆள் ஒருத்தன் இருக்கான். பக்கத்துக்கு 10 ரூபாய், மணிக்கு அஞ்சு பக்கம் எழுதுவான். மணிக்கு 50 ரூபாய். அதுவும் பார்த்து எழுதுற வேலை. அவனிடம் போய், "பேனா செலவு மட்டும்தானே, குறைச்சுக்கோ"ன்னு நாம யாரும் கேட்டதில்லை.

இப்போ அந்த "மெஷின் செலவு இல்லையே" விஷயத்துக்கு வருவோம். இது எனக்கே புதுசாக இருந்தது.

பின்னல் மெஷின் ஒண்ணும் புதிது இல்லை. இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தது 1589ல். இன்றைக்குத் திருப்பூரில் பனியன் துணியைச் சுற்றிச் சுற்றிப் பின்னிக் கொட்டுகிற வட்டப் பின்னல் இயந்திரங்கள் அந்தப் பரம்பரைதான். நிட்டிங்கில் நூற்றுக்கணக்கான வளையங்கள் வரிசையாக ஊசிகளில் காத்திருக்கும், எல்லா ஊசியும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும். மெஷினுக்கு அது ரொம்பப் பிடித்த வேலை.

குரோஷா அப்படி இல்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வளையம்தான் ஊசியில் இருக்கும். அடுத்த தையல் போட, ஏற்கெனவே பின்னி முடித்த இடத்தில் சரியான கண்ணைத் தேடிப் பிடித்து, ஊசியை உள்ளே விட்டு, நூலைக் கொக்கியில் மாட்டி வெளியே இழுத்து, மறுபடி ஒரு முறை மாட்டி, இரண்டு வளையத்துக்குள்ளேயும் இழுக்கணும். அந்தக் கண் எங்கே இருக்குன்னு தேடுவது விரல் நுனி. நூல் ஒவ்வொரு தடவையும் வேற இறுக்கத்தில் வரும், அதையும் விரல்தான் சரிசெய்யும். ஆய்வகங்களில் இதற்கு இயந்திரம் செய்யும் முயற்சிகள் நடக்கின்றன. ஆனால் நீங்கள் கடையில் எடுத்துப் பார்க்கும் நிஜமான குரோஷா கூடை ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தர் கையால் பின்னியதுதான். லேபில் 'குரோஷே மெஷின்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீங்க. நாடா, எலாஸ்டிக், லேஸ் பின்னுகிற அந்த மெஷின் உண்மையில் வார்ப் நிட்டிங் வகை.

ஆக மெஷின் செலவு இல்லை என்பது உண்மை. ஏன்னா இங்கே மெஷினும் அம்மாதான். முதுகு வலி, கட்டை விரல் வலி எல்லாம் அந்த மெஷினின் மெயின்டனன்ஸ்.

"சரி, ஆனா இதுல என்ன பெரிய ஸ்கில் இருக்கு?"ன்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். "இந்தா"ன்னு ஊசியைக் கையில் கொடுத்துட்டாங்க.

அம்மாவின் விதி ஒரு வரிதான்: "ஆறுல ஆரம்பி, சுத்துக்கு ஆறு ஏத்து." முதல் வளையத்துக்குள் 6 தையல். அடுத்த சுற்று 12, அதற்கடுத்து 18, 24, 30. ஏன் ஆறு என்று அம்மாவுக்குத் தெரியாது, நமக்குத் தெரியணும். வட்டத்தின் சுற்றளவு 2πr. ஒவ்வொரு சுற்றிலும் ஆரம் ஒரு தையல் உயரம் கூடுகிறது, அப்போது சுற்றளவு 2π மடங்கு, அதாவது சுமார் 6.28 தையல் உயரம் கூடவேண்டும். இந்தத் தையலுக்கு உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் சுற்றுக்கு ஆறு தையல் ஏற்றினால் அடிப்பாகம் தட்டையாக உட்காரும். ஏற்றுவதை நிறுத்தினால் சுவர் எழும்பும். அதுதான் கூடை.

நான் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஏற்றாமலே போனதில் முதல் முயற்சி கிண்ணமாக வளைந்தது. பயந்து போய் அடுத்ததில் அதிகமாக ஏற்றினேன், ஓரமெல்லாம் நெளிந்து சேவல் கொண்டை மாதிரி நின்றது. அந்தக் கொண்டைக்குக் கணிதத்தில் ஒரு மரியாதையான இடம் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதவியலாளர், ஹைபர்பாலிக் தளம் என்ற நெளிந்த பரப்பை மாணவர்கள் கையில் தொட்டுப் பார்க்க, 1997ல் இதே குரோஷாவில் பின்னினார். காகித மாதிரிகள் கிழிந்து போய்க்கொண்டு இருந்தன, பின்னியது நின்றது. அதைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்துக்கு 2012ல் ஆய்லர் புத்தகப் பரிசும் கிடைத்தது.

எங்க அம்மா கணித மேதை என்று சொல்ல வரவில்லை. பத்தாவதோடு நின்றவர். நான் சொல்வது இவ்வளவுதான்: அந்த 20 சென்டிமீட்டர் அடிப்பாகத்துக்கு 12 சுற்று, 468 தையல். மேலே சுவருக்கு 72 தையல் வீதம் 18 சுற்று, 1,296 தையல். மொத்தம் 1,764. இதில் பத்துப் பதினைந்து தையல் விட்டுப்போனால் கூடை கோணிக்கொள்ளும், பிரித்துப் போட்டு மறுபடி பின்னணும். இது டிவி பார்த்துக்கொண்டே கை தானாகச் செய்கிற வேலை மாதிரி வெளியே தெரியும். உள்ளே எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கு.

இதே அம்மா ஆறு வருஷத்துக்கு முன்னால் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனவர். காலையில் கார்டு போடணும், அரை மணி லேட்டானால் கட். ஒரு ஷிஃப்ட் என்றால் இவ்வளவு சம்பளம், கூட இருந்தால் ஓவர்டைம். நின்றே செய்யும் வேலை, முதுகு தாங்கவில்லை, நின்றுவிட்டார். இப்போது அதே துணியின் வேஸ்ட், அதே கை, வீட்டுத் திண்ணை. வாசலில் கார்டு போடும் மெஷின் மட்டும் இல்லை. அது இல்லாததால் அந்த 5 மணி நேரம் 'சும்மா இருந்த' நேரமாகிவிட்டது. அதற்கு அந்தப் பெயரை வைத்தது அவருடைய சொந்த மகன்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைத்திருந்தேன். ஆந்திராவின் கோதாவரிக் கரையில் நரசாபூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக அந்தப் பகுதிக்கு குரோஷா லேஸ் வந்தது. இன்றும் மேஜை விரிப்பு, தட்டு விரிப்பு என்று வெளிநாட்டு வீடுகளுக்குப் போகிறது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே போய் ஆய்வு செய்து 1982ல் 'நரசாபூரின் லேஸ் பின்னுபவர்கள்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். பூ பின்னுவது ஒருத்தர், பூக்களைச் சேர்த்து இணைப்பது இன்னொருத்தர் என்று வேலை பிரிந்து கிடக்கும். நாள் முழுக்க உழைத்து உலகச் சந்தைக்கே பொருள் கொடுக்கும் அந்தப் பெண்களைத் தொழிலாளி என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டம்மாக்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்று சொல்லியே கூலி குறைவாக வைக்கப்பட்டது என்பதுதான் அவருடைய வாதம்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து சொன்ன அதே வாக்கியம்தான். படித்ததும் கொஞ்சம் உறைத்தது. 2024ல் நரசாபூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றும், பின்னுகிறவருக்கு மணிக்கு எவ்வளவு என்பதை அது முடிவு செய்யாது.

இப்போது நீங்கள் கேட்கப் போகும் கேள்வி எனக்குத் தெரியும். "நல்லாத்தான் பேசுற, ஆனா பிளாஸ்டிக் கூடை 60 ரூபாய்க்குக் கிடைக்குது. நீ விலையை ஏத்தினா யார் வாங்குவா?"

நியாயமான கேள்வி. அம்மாவும் இதையேதான் கேட்டாங்க. "ஏத்திச் சொல்லி ஒண்ணும் போகலைன்னா நூல் காசு கூட வராது கண்ணு. இது என் காசு. உங்கப்பாவைக் கேக்காம நான் எடுத்துச் செலவு பண்றது இது ஒண்ணுதான். அதுலயும் மண்ணைப் போட்டுறாத." இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. மணிக்கு 18 ரூபாய் அநியாயம் என்று எழுதுவது எனக்குச் சுலபம், அந்த 900 ரூபாய் அவருக்கு நிஜம்.

ஆனாலும் ஒரு தடவை முயற்சி செய்து பார்க்கக் கேட்டேன், ஒத்துக்கொண்டார். இந்த செமஸ்டர் டிபார்ட்மென்ட் எக்ஸ்போவுக்கு எட்டுக் கூடை கொண்டு வந்தேன். விலை 310 ரூபாய். ஏன் 310? நூல் 60, அஞ்சு மணி நேரத்துக்கு ரெக்கார்ட் எழுதுறவன் ரேட்டில் 250. ஒவ்வொரு கூடையிலும் ஒரு அட்டை கட்டினேன்: '1,764 தையல், 5 மணி நேரம், மணிக்கு 50 ரூபாய்.' வேற விளம்பரம் எதுவும் இல்லை.

ரிசல்ட்டை மறைக்காமல் சொல்றேன். மூணு கூடைதான் போனது. அந்த மூணுக்கு மணிக்கு 50 ரூபாய் கிடைத்தது. ஆனால் விற்காத ஐந்தின் நூலையும் நேரத்தையும் சேர்த்தால், 930ல் நூல் 480 போக 450, அதை 40 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 11 ரூபாய் சொச்சம். பழைய கணக்கை விட மோசம். "நான் சொன்னேன்ல"ன்னு அம்மா ஒரு பார்வை பார்த்தாங்க.

ஆனால் ரெண்டு விஷயம் நடந்தது. ஒண்ணு, அட்டையைப் படித்த யாரும் பேரம் பேசவில்லை. வாங்காதவர்கள் "பட்ஜெட் இல்ல ப்ரோ"ன்னு சொல்லிட்டுப் போனாங்களே தவிர, "குறைச்சுக் குடு"ன்னு ஒருத்தர் கூடக் கேட்கலை. ரெண்டு, நாலு பேர் தங்களுக்கு வேண்டிய அளவும் நிறமும் சொல்லி ஆர்டர் கொடுத்தாங்க, பாதிப் பணம் முன்னாடியே. அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். "இனிமே ஆர்டர் வந்தா மட்டும் பின்றேன்." பின்னி அடுக்கி வைத்து, போகுமா போகாதா என்று பயந்து, பயத்திலேயே விலையைக் குறைக்கிற பிரச்சனை இதில் இல்லை. ஆர்டர் மாசத்துக்கு நாலுதான் வரும், சில மாசம் அதுவும் வராது. இது பெரிய வெற்றிக் கதை இல்லை.

உங்களிடம் சில விஷயங்கள் கேட்கிறேன்.

கைவேலைப் பொருளை வாங்க முடியவில்லை என்றால் வாங்காதீங்க, தப்பே இல்லை. "கையால பண்ணதுதானே"ன்னு மட்டும் பேரம் பேசாதீங்க.

இன்ஸ்டாவில் குரோஷா பேஜ் வைத்திருக்கும் தோழிகளே, தோழர்களே, உங்களுக்கு மெஸ் ஃபீஸ் வீட்டிலிருந்து வருகிறது. நீங்கள் ஆசைக்குப் பின்னி நூல் விலைக்கே கொடுத்தால், அதை நம்பிச் சோறு பொங்குகிறவரின் விலையும் சேர்ந்து விழும். ஆசைக்குப் பின்னியதைப் பரிசாகக் கொடுங்க. விற்றால் மணி நேரத்தை எழுதி வைத்து விற்பனை செய்யுங்க.

முடிந்தால் ஒரு கூடை நீங்களே பின்னிப் பாருங்க. ஊசி ஃபேன்சி ஸ்டோரிலேயே கிடைக்கும், பழைய டி-ஷர்ட்டை நாடாவாக வெட்டிக்கலாம். ஆறில் ஆரம்பித்து ஏற்றுங்க. ரூம்மேட் "என்னடா, பாட்டி ஆயிட்டியா?"ன்னு கேட்பான். என்னையும் கேட்டான். ஊசியை அவன் கையில் கொடுத்தேன், மூணாவது சுற்றில் எண்ணிக்கை தவறிப்போச்சு, அப்புறம் கேட்கலை.

கடைசியாக, இந்த வாரம் வீட்டுக்குப் போனால், அம்மாவோ பாட்டியோ 'சும்மா இருக்கும்போது' செய்கிற ஒரு வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டாப்வாட்ச் போட்டுப் பாருங்க. வயர் கூடையோ, ஜாக்கெட் ஹெம்மிங்கோ, பூ கட்டுவதோ, எதுவாகவும் இருக்கட்டும்.

போன ஞாயிறு நான் போனபோது ஆர்டர் எதுவும் இல்லை. அம்மா சீரியல் பார்த்துக்கொண்டு இருந்தார். கையில் ஊசி இல்லை, நூல் இல்லை. என்ன பண்றீங்கன்னு கேட்டேன்.

"சும்மா இருக்கேன் கண்ணு"ன்னாங்க.